மீராவா, மிராவா, மிலாவா? செக் பதிவேட்டுக்கும் தமிழ் நாக்குக்கும் ஒத்துவருமா?

ப்ர்னோவாசி:

வணக்கம். மனைவி செக், நான் மதுரை. இருப்பது செக் குடியரசின் ப்ர்னோ நகரில். பெண் குழந்தை என்று ஸ்கேனிலேயே சொல்லிவிட்டார்கள் (இங்கே அது குற்றமில்லை). மிரா என்ற பெயர் இரண்டு வீட்டுக்கும் பிடித்திருக்கிறது. அவர்களுக்கு அது ஸ்லாவிக் பெயர், எங்கள் வீட்டுக்கு மீரா.

பெயர்த் தளங்களில் பார்த்தால் ஒன்று அமைதி என்கிறது, இன்னொன்று உலகம், மற்றொன்று கடல். எது சரி? பதிவு செய்யும்போது எம், ஐ, ஆர், ஏ என்று எழுதுவதா, ஐ-யின் மேல் செக்காரர்கள் போடும் சாய்கோடு போடுவதா, நம் ஊர் வழக்கப்படி இரட்டை ஈ போடுவதா? மனைவியின் அக்கா "ஆம்பளைப் பெயர் மாதிரி இருக்கே" என்று சிரிக்கிறார். ஏன் என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை அவருக்கு. மிரா ஒத்துவராவிட்டால் மிலா கையில் இருக்கிறது.

சொல்வேர்:

பொருளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், பதிவு விஷயம் தெரிந்தவர்கள் வருவார்கள்.

அமைதி என்பதே சரி. செர்பியம், குரோவேஷியம், ஸ்லோவீனியம், பல்கேரியம், உக்ரைனியம் எல்லாவற்றிலும் 'மிர்' என்றால் அமைதி. செக்கில் அது நெடிலாகி 'மீர்'. ப்ராக் போனால் மெட்ரோவில் 'நாமியெஸ்தீ மீரு' என்று ஒரு நிலையம் வரும், அமைதிச் சதுக்கம் என்று அர்த்தம். போலிஷ் மட்டும் விலகிப் போய்விட்டது. அங்கே அமைதிக்கு 'பொகுய்' என்பார்கள், அறை என்பதற்கும் அதே சொல்தான். 'மிர்' அங்கே மதிப்பு, மரியாதை என்ற பொருளில் பழைய நடையில் ஒதுங்கிக் கிடக்கிறது.

உலகம் என்ற பொருள் ரஷ்யனிலிருந்து வருகிறது. மற்ற ஸ்லாவியர்கள் உலகத்துக்கு 'ஸ்வெத்', 'ஸ்வ்யெத்', 'ஷ்வியாத்' என்று வேறு சொல் வைத்திருக்க, ரஷ்யனில் 'மிர்' என்ற ஒரே ஒலி இரண்டு வேலையும் செய்கிறது. 1918 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னால் அங்கே இகரத்துக்கு இரண்டு எழுத்து இருந்தது; அமைதிக்கு ஒன்று, உலகத்துக்குப் புள்ளி வைத்த இன்னொன்று. உச்சரிப்பில் வித்தியாசம் இல்லை. புள்ளி எழுத்தைத் தூக்கிய பிறகு காகிதத்திலும் இரண்டும் ஒன்றாகிவிட்டன. உங்கள் மகள் செக் என்பதால் உலகத்தை விட்டுவிடலாம், அமைதி மட்டும் போதும்.

இன்னொன்று. ஸ்லாவியரின் பழைய பெயர்கள் இரண்டு சொல் சேர்த்துக் கட்டியவை. செல்வம் + நாயகி என்று நாம் சேர்ப்பது போலத்தான். மிரோஸ்லாவா என்றால் அமைதி + புகழ். லுபோமிராவில் அன்பு, ப்ரானிமிராவில் காப்பு. இப்படிப்பட்ட நீளப் பெயர்களை வீட்டில் சுருக்கிக் கூப்பிட்டதுதான் மிரா. பிறகு தனிப் பெயராகவே நின்றுவிட்டது. எல்லாம் மங்கலமாக இருக்கும் என்று நினைக்கவேண்டாம். போலந்தில் அரசர்களுக்கு வைத்த 'கஸிமியெஷ்' என்ற பெயரில் முதல் பாதி 'கெடு, அழி' என்ற வினை. அமைதியைக் குலைப்பவன் என்று பொருள் சொல்வார்கள். போருக்குப் போகிற அரசனுக்கு அது பெருமைதான்.

விளாதிமிர் என்றால் 'உலகை ஆள்பவன்' என்று எல்லாத் தளமும் எழுதும். பழைய வடிவம் 'விளாதிமேர்'. அந்த 'மேர்' அமைதியும் இல்லை, உலகமும் இல்லை. பெரிய, புகழ்பெற்ற என்ற பொருளில் ஜெர்மானிய மொழிகளிலும் உள்ள சொல். வால்டமார் என்ற பெயரின் கடைசிப் பகுதி அதன் சகோதரம். பின்னால் வந்தவர்கள் 'மேர்' புரியாமல் தெரிந்த 'மிர்' ஆக்கிக்கொண்டார்கள். புரியாத சொல்லைத் தெரிந்த சொல்லாக்குவது எல்லா ஊரிலும் நடக்கிறதுதானே.

கடல் என்பது இந்தியப் பெயர்த் தளங்களின் சரக்கு. மீராபாயின் பெயருக்கு மூலம் எது என்பதில் அறிஞர்களிடையே ஒத்த கருத்து இல்லை. ஸ்லாவிய மிராவும் நம் மீராவும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்று யாராவது எழுதியிருந்தால் நம்பாதீர்கள். வெளியில் ஒலி ஒத்துப்போன இரண்டு தனிப் பெயர்கள் அவை. இப்படி ஒத்துப்போவது இதற்கு நிறைய: யூதக் குடும்பங்களில் மிரியமின் சுருக்கம் மிரா, லத்தீனில் 'வியக்கத்தக்கவள்', ஸ்பானிஷில் 'பார்!'. திமிங்கில விண்மீன் கூட்டத்தில் மங்கியும் ஒளிர்ந்தும் மாறும் ஒரு விண்மீனுக்கு வானியலாளர் ஹெவீலியஸ் 1662ல் வைத்த பெயரும் இந்த லத்தீன் மிராதான். வேர் ஒன்றாக இல்லாவிட்டால் என்ன, போகிற ஊரில் எல்லாம் சொந்தக்காரப் பெயராக ஒலிப்பது லேசான லாபமா?

வ்ல்தாவா:

அக்கா சிரிப்பதற்குக் காரணம் அந்தச் சாய்கோடு. செக்கில் குறில் நெடில் வித்தியாசம் தமிழ் போலவே கறார். குறில் போட்ட 'மிரா' பெண் பெயர். கோடு போட்டு 'மீரா' என்று நீட்டினால் அது மிரோஸ்லாவ், யரொமீர் போன்ற ஆண்களை வீட்டில் கூப்பிடும் பெயர். 'ஆ'வில் முடிந்தால் பெண் என்று நாம் நினைப்போம். செக்கில் ஹொன்ஸா, பெபா, யர்தா எல்லாம் மீசை வைத்த ஆட்கள். போதாததற்கு 'மீரா' என்றால் 'அளவு' என்ற சாதாரணச் சொல்லும் உண்டு.

ஆக, கோடு போடாதீர்கள். செக் சட்டத்தில் (பதிவேடுகள் பற்றிய 301/2000 எண் சட்டம்) பெண்ணுக்கு ஆண் பெயரும் ஆணுக்குப் பெண் பெயரும் பதியக்கூடாது என்று இருக்கிறது. சிதைந்த வடிவம், செல்லப் பெயர், வீட்டுப் பெயர் ஆகியவற்றையும் ஏற்க மாட்டார்கள். கோடு போட்ட வடிவம் இந்த இரண்டு தடையிலும் மாட்டும்.

இரட்டை ஈயும் வேண்டாம். செக்காரர்கள் எழுதியதை எழுதியபடி வாசிப்பவர்கள். எம், இரட்டை ஈ, ஆர், ஏ என்று எழுதினால் 'மெ-எ-ரா' என்று மூன்று அசையாகப் படிப்பார்கள். பள்ளியில் ஒவ்வொரு ஆசிரியருக்கும் திருத்திச் சொல்ல வேண்டிவரும்.

மிஞ்சுவது எம், ஐ, ஆர், ஏ. இதைப் பதிவு அலுவலகம் (மத்ரிகா என்பார்கள்) பெரும்பாலும் கேள்வி இல்லாமல் ஏற்கும் என்று எண்ணி உட்கார்ந்திருக்காதீர்கள். பெயரின் சரியான வடிவம் பற்றிச் சந்தேகம் வந்தால் மொழி நிபுணரின் சான்று கொண்டுவரச் சொல்லும் உரிமை அவர்களுக்கு உண்டு. அது உங்கள் செலவு, நாளும் ஆகும். அதனால் பிரசவத்துக்கு ஒன்றிரண்டு மாதம் முன்பே போய்ப் பெயரை எழுதிக் காட்டிக் கேட்டுவிடுங்கள். போக வேண்டியது நீங்கள் குடியிருக்கும் பகுதியின் அலுவலகத்துக்கு அல்ல, மருத்துவமனை எந்தப் பகுதியில் இருக்கிறதோ அதற்கு. இதில் தவறுகிறவர்கள் அதிகம். குழந்தை பிறந்த இடத்தின் மத்ரிகாதான் பதியும்.

மருத்துவமனையில் பெயர்ப் படிவம் ஒன்று தருவார்கள். அதில் இரண்டு பேரும் கையெழுத்திட வேண்டும். ஸ்கேன் என்ன சொல்லியிருந்தாலும் ஆண் பெயர்க் கட்டத்தையும் நிரப்பிவைப்பது நல்லது. பெற்றோர் ஒத்துப்போகாவிட்டால் விஷயம் நீதிமன்றத்துக்குப் போய்விடும்.

இரண்டு பெயர் வரை வைக்கலாம். மிராவோடு ஒரு தமிழ்ப் பெயர் சேர்ப்பவர்கள் உண்டு. ஆனால் பதிந்துவிட்டால் அரசுக் காகிதங்களில் எல்லாம் இரண்டையும் எழுதியாக வேண்டும், வசதிக்கு ஒன்றை விட்டுவிட முடியாது. மூன்று வரிக்கு நீளும் தமிழ்ப் பெயரானால் யோசித்துச் செய்யுங்கள்.

திருமணம் எங்கே நடந்தது? மதுரையில் என்றால் இந்தியத் திருமணச் சான்றுக்கு அபோஸ்டில் முத்திரை (வெளிநாட்டில் செல்லுபடியாக அரசு தரும் சான்று) வாங்கி, நீதிமன்ற அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் செக்கில் பெயர்த்து, சிறப்புப் பதிவகத்தில் (ஸ்வ்லாஷ்த்னீ மத்ரிகா) ஏற்கெனவே பதிந்திருக்க வேண்டும். செக் குடிமக்களின் வெளிநாட்டுத் திருமணங்கள் எல்லாம் நாடு முழுமைக்கும் அங்கேதான் சேர்கின்றன. உங்கள் அதிர்ஷ்டம், அந்த அலுவலகம் இருப்பதே ப்ர்னோவில்தான். இது முடியாமல் இருந்தால் பெயரைப் பற்றிய கவலைக்கு முன்னால் இதை முடியுங்கள். பிறப்புப் பதிவு இதில்தான் தட்டி நிற்கும்.

ப்ர்னோவாசி:

திருமணப் பதிவு முடிந்துவிட்டது, நன்றி. இனி வேறொரு சிக்கல். எங்களுக்குக் குடும்பப்பெயர் கிடையாது, இனிஷியல்தான். பாஸ்போர்ட்டில் அப்பா பெயரை, முருகேசன் என்று, சர்நேம் கட்டத்தில் போட்டிருக்கிறது. குழந்தைக்கு என்ன ஆகும்?

வ்ல்தாவா:

மிரா முருகேசனோவா ஆகும்.

விளையாட்டில்லை. செக்கில் பெண்களின் குடும்பப்பெயர் 'ஓவா' சேர்த்து வரும். மெய்யில் முடிந்தால் நேராகச் சேரும்: முருகேசன், முருகேசனோவா. 'ஆ'வில் முடிந்தால் அது போய்விட்டு ஓவா வரும்: ராஜா, ராஜோவா. உங்கள் அப்பா செக் இலக்கணத்தில் இப்படிப் பெண்பால் ஏற்பார் என்று நினைத்திருக்க மாட்டார்.

வேண்டாம் என்றால் விடலாம். 2022 ஜனவரி 1 முதல் காரணம் எதுவும் சொல்லாமலே ஓவா இல்லாத வடிவத்தைக் கேட்கும் உரிமை எல்லாப் பெண்களுக்கும் வந்துவிட்டது. மகளுக்காகப் பெற்றோர் கேட்கலாம். பிறப்பைப் பதியும்போதே எழுதிக் கொடுங்கள். பேசாமல் இருந்தால் ஓவா தானாக வந்து ஒட்டிக்கொள்ளும், பிறகு மாற்றுவது தனி வேலை. மனைவி ஓவாவோடு இருக்க, மகள் இல்லாமல் இருந்தால் விமான நிலையத்தில் "இவள் உங்கள் மகளா" என்ற கேள்வி வரலாம். பயணத்தில் பிறப்புச் சான்றின் ஒரு நகல் பையில் இருக்கட்டும்.

பிள்ளைகளின் குடும்பப்பெயர் எது என்று திருமணப் பதிவின்போதே ஒத்துக்கொண்டு எழுதியிருப்பீர்கள். செக்கில் அதுதான் முறை. அந்தக் காகிதத்தில் எந்தப் பெயர் இருக்கிறது என்று இன்றே எடுத்துப் பாருங்கள். மருத்துவமனையில் புதிதாக ஒன்று சொன்னாலும் அந்தக் காகிதத்தில் இருப்பதுதான் வெல்லும்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: சர்நேம் கட்டம் காலியாக, முழுப் பெயரும் கிவன் நேம் கட்டத்தில் இருக்கும் இந்திய பாஸ்போர்ட் இருந்தால் குழந்தை பிறக்கும் முன் தூதரகம் வழியே பிரித்து எழுதிய புது பாஸ்போர்ட் வாங்குங்கள். குடும்பப்பெயர் இல்லாத அப்பாவை எந்தக் கட்டத்தில் வைப்பது என்று அலுவலகம் திணறும். அங்கே இங்கே ஒட்டிவைத்த பெயர் பிள்ளையின் காகிதம் முழுக்கத் தொடரும். புது பாஸ்போர்ட் வந்ததும் குடியிருப்பு அட்டையிலும் மாற்ற வேண்டும், இதையும் மறந்துவிடுவார்கள்.

மலையோரம்:

மிலாவைப் பற்றி யாரும் பேசவில்லை, அதனால் நான்.

எங்கள் குமரி மாவட்டத்தில் மிளா என்றால் காட்டில் திரியும் பெரிய மான், கடமான். ஆங்கில எழுத்தில் எம், ஐ, எல், ஏ என்று பார்க்கும் தமிழனுக்கு அது லகரமா ளகரமா என்று தெரியாது. மிலா என்பானா, மிளா என்பானா, இன்னும் கொஞ்சம் நீட்டி 'மீளா' என்பானா? மீளாத் துயர் என்று போஸ்டரில் பார்த்துப் பழகிய கண் அது. மான் பரவாயில்லை, அழகான பிராணி. மூன்றாவதுதான் வேண்டாம்.

ஸ்லாவிக் பெயர்களைத் தமிழ்க் காதில் சோதித்துப் பார்ப்பது ஒரு பொழுதுபோக்கு. செர்பியாவில் நாதா என்றால் நம்பிக்கை, நல்ல பெயர். ஆங்கில எழுத்தில் பார்த்தால் நம் ஆட்கள் நாடா என்பார்கள், பாவாடை நாடா. ஸோரா என்றால் விடியல். நம் வாயில் ஜோரா ஆகிவிடும், அது லாபம். வேரா (நம்பிக்கை, இது ரஷ்யன்) நம்மிடம் "வேறா?" என்று கேள்வியாகும். ஆன்னாவைக் கூப்பிட்டால் ஊரில் நாலு அண்ணன்மார் திரும்பிப் பார்ப்பார்கள். ஜே எழுத்தை அங்கே யகரமாகச் சொல்வதால் யானா என்ற பெண்ணை நாம் ஜனா ஆக்கிவிடுவோம், ஜனார்த்தனனைப் போல. சோதித்ததில் சேதாரம் இல்லாமல் தப்புவது மிரா ஒன்றுதான்.

சொல்வேர்:

மலையோரம் சொன்ன மான் எனக்குத் தோன்றவே இல்லை.

மிலாவுக்கு வேர் 'மில்', அன்புக்குரிய, இனிய. லுத்மிலாவின் (மக்கள் + அன்புக்குரியவள்) சுருக்கமாகப் பெரும்பாலும் வரும். செக்காரர்களுக்கு லுத்மிலா பெரிய பெயர். செக்காரர்களின் காவல் புனிதர் தூய வென்செஸ்லாவின் பாட்டி, 921ல் தெதீன் என்ற ஊரில் கழுத்தை நெரித்துக் கொல்லப்பட்டுப் புனிதரானவர். செப்டம்பர் 16 அவர் பெயர்நாள், அந்தப் பெயருள்ளவர்கள் கொண்டாடும் நாள். செக்கில் இதற்கும் அந்த நீட்டல் சிக்கல் உண்டு. இகரத்தை நீட்டினால் 'மீலா', அது ஆண் பெண் இருவருக்கும் வழங்கும் செல்லப் பெயர். கடைசி எழுத்தை நீட்டினால் 'மிலாஆ' என்று இழுத்து ஒலிக்கும், அது 'அன்பான' என்ற பெயரடை. போலிஷில் எல் எழுத்தின் குறுக்கே கோடு போட்டுவிட்டால் லகரமே போய் 'மிவா' என்று ஒலிக்கும். மிலன், மிலனா என்ற பெயர்களும் இந்த வேர்தான். வடமொழி 'மிலன்', சந்திப்பு, ஒலி ஒற்றுமை மட்டுமே.

ஒலியோடு வேரும் சேர்ந்து ஒத்துப்போக வேண்டும் என்று ஆசைப்பட்டால் ஸ்வெத்லானா பக்கம் பாருங்கள். ஸ்லாவிய 'ஸ்வெத்' (ஒளி) வடமொழி 'சுவேத' (வெண்மை) இரண்டும் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேர் என்பதில் சந்தேகம் இல்லை. ஸ்வேதா என்ற பெயருக்கு நேரான உறவுக்காரி. பழங்காலப் பெயர் அல்ல, 19ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரஷ்யக் கவிஞர்கள் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது. செக்கில் ஸ்வ்யெத்லானா என்று சற்றே மாறி ஒலிக்கும். மிரா அளவுக்குச் சின்னதாக இல்லை, அதுதான் குறை.

ஆண்களுக்கும் மீரா என்று சிரித்த அக்காவிடம் சொல்லுங்கள், தமிழிலும் ஒருவர் இருந்தார். கவிஞர் மீரா, சிவகங்கைக்காரர், அன்னம் பதிப்பகம் நடத்தியவர். இயற்பெயர் மீ. ராசேந்திரன். இனிஷியலையும் பெயரின் முதல் எழுத்தையும் சேர்த்தால் மீரா. செக்காரர்கள் மிரோஸ்லாவைச் சுருக்கிய அதே வேலை.

ப்ர்னோவாசி:

மிலா போயிற்று, வீட்டில் மானைச் சொன்னதும் மனைவிக்கே சிரிப்பு தாங்கவில்லை. எம், ஐ, ஆர், ஏ என்று முடிவு. தமிழில் எழுதும்போது மிரா என்று எழுதுவதா, மீரா என்றா? அம்மா எப்படியும் நீட்டித்தான் கூப்பிடுவார். செக்காரர்கள் காதில் அது ஆண் பெயராக விழுமா? இந்தியக் காகிதத்தில் மீரா என்ற ஆங்கில எழுத்துக்கூட்டல் போடலாமா?

வ்ல்தாவா:

கடைசிக் கேள்விக்கு முதலில்: போடக்கூடாது. குழந்தைக்கு ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தருவது) வாங்குவீர்கள் என்றால் அதில் பெயர் செக் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே வர வேண்டும். பாஸ்போர்ட்டில் எம், ஐ, ஆர், ஏ. இந்திய விண்ணப்பத்தில் இரட்டை ஈ என்று போனால் இரண்டும் ஒரே ஆள் என்று நிரூபிக்கும் வேலை உங்கள் தலையில். பாஸ்போர்ட்டின் அடியில் இயந்திரம் படிக்கும் இரண்டு வரி இருக்கிறதே, அதில் சாய்கோடு, கொக்கி எதுவும் வராது. 'ஓவா'வின் கடைசி எழுத்து மேல் உள்ள கோடும் அங்கே காணாமல் போகும். விமானச் சீட்டு எடுக்கும்போது அந்த வரிகளில் உள்ளபடி எடுங்கள்.

தமிழில் மீரா என்றே எழுதுங்கள். தமிழ் எழுத்து எந்தச் செக் அலுவலகத்துக்கும் போகப் போவதில்லை. அம்மா நீட்டிக் கூப்பிட்டால் பூங்காவில் யாராவது திரும்பிப் பார்ப்பார்கள், பக்கத்தில் பின்னல் போட்ட குழந்தையைப் பார்த்ததும் புரிந்துகொள்வார்கள்.

சொல்வேர்:

அம்மாவுக்கு இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். செக்கில் பெயரும் வேற்றுமை ஏற்கும். மிராவைப் பார்த்தேன் என்றால் 'மிரு', மிராவுடைய என்றால் 'மிரி', மிராவோடு என்றால் 'மிரோ' என்பதோடு ஓர் உகரம் சேர்ந்து 'மிரொவ்' போல ஒலிக்கும். கூப்பிடும்போது 'மிரோ!'. நம் இலக்கணத்தில் விளி எட்டாம் வேற்றுமை, அவர்களுக்கு ஐந்தாவது. அங்கே விளி ஏட்டோடு நிற்பதில்லை, தினமும் வாயில் வருகிறது, 'மிரா!' என்று எழுவாயிலேயே கூப்பிட்டால் வெளியூர் ஆள் என்று தெரிந்துவிடும். செக் பாட்டி ஒரு பக்கம் 'மிரோ' என்றும் மதுரைப் பாட்டி மறுபக்கம் 'மீரா' என்றும் கூப்பிட, இரண்டு பெயர் வைத்துவிட்டார்களா என்று ஊரில் கேட்பார்கள்.

மலையோரம்:

மதுரையில் மீரா என்று சொன்னால் போதும், ஒரு வாரத்தில் அது மீராக்குட்டி ஆகிவிடும். அதற்கு எந்த வேற்றுமை என்று செக்காரர்கள் தேடட்டும்.